போல்ட்டை உள்ளிருந்து பிடித்தது யார்?

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறைய. நீங்களும் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. பேய் என்று யாராவது சொன்னால் முதல் ஆளாகச் சிரித்தவன் நான்தான். இருபது வருஷமாகத் துருப்பிடித்த இரும்போடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறேன். கட்டுக்கதை கட்டுகிற திறமை இருந்திருந்தால் கையில் ஸ்பேனர் பிடித்திருக்க மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இது ராத்திரியில்கூட நடக்கவில்லை. பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு நடந்தது.

பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒரு பெயிண்ட் கம்பெனி. அதன் பின்பக்க ஷெட்டில் ஒரு இரும்பு டேங்க். ஒரு பஸ் நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது. அதன் ஒரு முனைத் தகட்டில் ஆள் நுழைகிற அளவுக்கு வட்டமான மூடி. மூடியைச் சுற்றிப் பதினாறு போல்ட்டு. பதினாறும் துருவேறி, நட்டு எது போல்ட்டு எது என்று தெரியாமல் ஒட்டிப் போயிருந்தது.

புதிதாக வாங்கியவருக்கு டேங்க் முழுசாக வேண்டும். கேஸ் வைத்து வெட்டக் கூடாது. வெட்டவும் முடியாது. உள்ளே ஒரு காலத்தில் தின்னர் இருந்திருக்கிறது. ஒரு பொறி விழுந்தால் டேங்கோடு நாங்களும் போய்ச் சேர வேண்டியதுதான். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எண்ணெய் அடித்து, பொறுமையாக, கையால் கழற்ற வேண்டிய வேலை.

என்கூட என் மச்சினன், மனைவியின் தம்பி. முப்பது வயது. நல்ல பலசாலி. பொறுமை மட்டும் கடைச் சரக்கு, கேட்டால்தான் கிடைக்கும். கேட்டில் ஒரு காவலாளி. பகலிலும் கையில் டார்ச் லைட்டோடு திரிவார் என்பதால் எல்லோருக்கும் அவர் 'டார்ச்' அண்ணன்.

முதல் நாள் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ஒவ்வொரு நட்டுக்கும் துரு எண்ணெய் அடித்தோம். எண்ணெய் அடித்த உடனே ஸ்பேனரைப் போடக் கூடாது. ஊற விட வேண்டும். நடுநடுவே சுத்தியலால் மெல்லத் தட்டினால் அந்த அதிர்வில் எண்ணெய் திருகு மரைக்குள் இறங்கும். நான் தட்டினேன்.

டக். டக். டக்.

கையை எடுத்துவிட்டேன்.

டக்.

மச்சினனைப் பார்த்தேன். அவன் பீடி பற்ற வைக்க வெளியே போகலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தான்.

"கேட்டுதா மாப்ளே?"

"காலி டேங்க் மாமா. எதிரொலிக்காம பின்ன பாட்டா பாடும்?"

சரிதான் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் தோன்றியது. எதிரொலி என்றால் முதல் தட்டுக்கே வந்திருக்க வேண்டும். நான் நிறுத்தும்வரை அது ஏன் காத்திருந்தது?

மறுநாள் காலை ஸ்பேனரைப் போட்டோம். முதல் நட்டு நகர்ந்தது. ஆனால் கழலவில்லை. போல்ட்டும் கூடவே சுற்றியது.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்து நடந்தது புரியாது. அந்த டேங்கில் போல்ட்டின் தலை உள்ளே இருக்கிறது. நட்டு வெளியே. தலை சுற்றாமல் இருக்க உள்பக்கம் வெல்டு வைத்திருப்பார்கள். அந்த வெல்டு துருவில் விட்டுப் போயிருந்தது. அதனால் வெளியே நட்டைத் திருப்பினால் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கலாம், கழலாது. உள்ளே ஒரு ஆள் இருந்து தலையைப் பிடித்துக் கொண்டால்தான் நட்டு வெளியே வரும்.

உள்ளே ஆளுக்கு எங்கே போவது? முதல் இரண்டு போல்ட்டையும் ரம்பம் போட்டு அறுத்தோம். அதற்கே மத்தியானமாகிவிட்டது. தோள்பட்டை கழன்று விழுவது போல வலி.

"மிச்சம் பதினாலு இருக்கு மாமா" என்றான் மச்சினன். "இதை அறுத்து முடிக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்." அவனுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

மூன்றாவது நட்டில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன்.

கிரீ...ச்.

நட்டு திரும்பியது. போல்ட்டு அசையவில்லை.

இன்னொரு சுற்று. போல்ட்டு கல் மாதிரி நின்றது. நட்டு கழன்று என் கையில் விழுந்தது. நான்காவதும் அப்படியே. ஐந்தாவதும். மச்சினன் விசில் அடித்தான்.

"அதிர்ஷ்டம் மாமா!"

எனக்கு அதிர்ஷ்டம் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனாலும் வருகிற லட்சுமியை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பார்களா? மடமடவென்று கழற்றினேன்.

ஒன்பதாவதில் ஸ்பேனர் வழுக்கியது. கையை உதறிக்கொண்டு நின்றேன். அப்போது பார்த்தேன். அந்தப் போல்ட்டு தானாக அரைச் சுற்று பின்னால் போனது. மெதுவாக. பிறகு முன்னால் வந்து, பழைய இடத்தில் நின்றது.

பிடியை மாற்றிப் பிடிக்கிற ஆள் அப்படித்தான் செய்வான்.

மச்சினனிடம் சொல்லவில்லை. அவன் பயந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். உண்மையில் வாயில் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தது நான்தான்.

மூன்றாம் நாள் காலை மூடியைத் திறந்தோம். உள்ளே ஒன்றுமில்லை. காய்ந்த இருட்டு. பழைய தின்னர் வாடை. காற்று அடிக்கிற மிஷினை வைத்துச் சாப்பாட்டு நேரம்வரை ஓட்டினோம். வாடை குறைந்தது. அடித்தகடு எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். போனை வெளியே மச்சினனின் பையில் போட்டுவிட்டு, கைவிளக்கு, சுத்தியல், இடுப்பில் ஒரு ஸ்பேனர், பாக்கெட்டில் எண்ணெய் டப்பா, இதோடு உள்ளே இறங்கினேன். மச்சினன் மூடிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

குனிந்தபடி நடந்தேன். தட்டிக்கொண்டே போனேன். கடைசி மூலைக்குப் போனதும் விளக்கைத் தரையில் காட்டினேன்.

சுற்றிலும் துரு பொருக்குத் தட்டியிருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் துரு இல்லை. வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அதற்கு மேலே சுவரிலும் அதே மாதிரி ஒரு தேய்மானம். ஒரு ஆள் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தால் எங்கெங்கே படுமோ, அங்கங்கே.

எவ்வளவு காலம் உட்கார்ந்தால் இரும்பு தேயும்?

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

திரும்பினேன். தூரத்தில் வட்ட வெளிச்சம். அதில் ஒரு ஆள் வெளியே ஏறிக் கொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. நீலச் சட்டை. மச்சினன் எதற்கோ உள்ளே வந்துவிட்டுப் போகிறான் என்று நினைத்தேன்.

"என்ன மாப்ளே?"

வெளியே பேச்சுக் குரல் மட்டும் கேட்டது. மச்சினன் சிரித்தான். யாரோ அவனிடம் ஏதோ சொன்னார்கள்.

வட்ட வெளிச்சம் பிறையானது.

பிறகு கீற்றானது.

"டேய்!"

டங்.

ஓடினேன். தலை இடித்தது, முழங்கால் இடித்தது. மூடியில் மோதினேன். இரண்டு கையாலும் அடித்தேன். வெளியே நட்டு மாட்டுகிற சத்தம். கர்ர்... கர்ர்... கர்ர்... ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. தொண்டை கிழியக் கத்தினேன். ஸ்பேனரைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம். வண்டி கிளம்பியது.

அப்புறம் ஒன்றுமில்லை.

விளையாட்டு என்று முதலில் நினைத்தேன். அவன் அப்படி விளையாடுகிறவன்தான். கொஞ்ச நேரத்தில் வந்து திறந்துவிட்டுப் பல்லைக் காட்டுவான், செவிட்டில் ஒன்று வைக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. மச்சினன் அன்றைக்குப் போட்டிருந்தது சிவப்பு பனியன்.

நீலச் சட்டை போட்டிருந்தது நான்.



பயந்தால் காற்று சீக்கிரம் தீரும். அது எனக்குத் தெரியும். மூச்சை அடக்கி, விளக்கை மூடியின் ஓரத்தில் காட்டினேன். போல்ட்டுத் தலைகள் தெரிந்தன. நட்டு மாட்டியது நான்கில் மட்டும். ஸ்பேனரைப் போடப் போனேன். கை நின்றுவிட்டது.

போல்ட்டுத் தலைக்கு ஆறு மூலை உண்டு. ஸ்பேனர் பட்டுக் கெட்டுப் போனால் மூலையில் வெட்டு விழும். இவற்றில் வெட்டு இல்லை. மூலைகள் தேய்ந்து உருண்டிருந்தன. பல பேர் பிடித்துப் பிடித்து வழவழப்பான மாடிப்படிக் கைப்பிடி மாதிரி.

விரலால் தேய்ந்தது அது.

ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன். போல்ட்டு சுற்றியது. வெளியே நட்டும் கூடவே சுற்றியது. சுற்றினேன், சுற்றினேன்... கழலவில்லை. வெளியே ஒரு ஆள் நட்டைப் பிடித்துக் கொள்ள வேண்டும். நேற்று எனக்கு உள்ளே ஆள் தேவைப்பட்டது. இன்று வெளியே.

ஒரே வழிதான். மரைக்குள் மிச்சம் ஒட்டியிருக்கிற துரு விட்டால், நட்டு மூடியோடு உரசி நிற்கும், போல்ட்டு மட்டும் சுற்றும். டப்பாவை எடுத்து நான்கு போல்ட்டின் இடுக்கிலும் எண்ணெய் அடித்தேன். சுத்தியலால் தட்டினேன். இனி ஊற வேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெடும்.

விளக்கை அணைத்தேன். பேட்டரி வேண்டுமே.

காத்திருந்தேன்.

கூரைத் தகடு வெயிலில் கொதிக்கிற காலம் அது. ஆனால் டேங்கின் உள்ளே குளிர்ந்தது. காதில் என் மூச்சு மட்டும். எண்ணெய்ச் சொட்டு விழுகிற சத்தம். டிக்... டிக்... மனைவி நினைவு வந்தது. பொண்ணு ஸ்கூல் விட்டு வந்திருப்பாள். யாராவது தேடி வருவார்கள். அப்பா எங்கே என்று கேட்பாள்...

முதுகு வலிக்கவில்லை. அதுதான் விசித்திரம். எத்தனையோ நேரமாக இரும்பில் உட்கார்ந்திருக்கிறேன். சாய்மானம் இதமாக இருந்தது.

விளக்கைப் போட்டேன்.

நான் கடைசி மூலையில் இருந்தேன்.

அந்தத் தேய்ந்த இடத்தில். காலை நீட்டி. எப்போது எழுந்தேன், எப்போது நடந்து வந்தேன், தெரியாது. அளவு சரியாக இருந்தது. எனக்கென்று செய்த மாதிரி.

தவழ்ந்து, உருண்டு, மூடிக்குத் திரும்பினேன். ஊறியது போதும் என்று ஸ்பேனரைப் போட்டேன். அழுதுகொண்டே இழுத்தேன்.

கிரீச்...

போல்ட்டு மட்டும் சுற்றியது. வெளியே நட்டு தரையில் விழுந்தது. டங்! அடுத்தது. டங்! மூன்றாவது சுற்றிக்கொண்டே இருந்தது. விடவில்லை. நான்காவதும் அப்படித்தான். டப்பாவில் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

அப்போது வெளியே ஒரு குரல்.

"யா... யாரது?"

டார்ச் அண்ணன்!

"அண்ணே! நான்தாண்ணே! ஃபிட்டர்! உள்ள மாட்டிக்கிட்டேன், திறங்கண்ணே!"

அவர் மூடிக்குக் கிட்டே வராமலே சொன்னார்.

"ஃபிட்டர் மத்தியானமே போயாச்சு. நான்தான் கேட்டைத் திறந்து விட்டேன். மச்சினன் வண்டியில பின்னால உக்காந்து போனாரு. எனக்குக் கையெல்லாம் ஆட்டினாரு."

"அது நான் இல்லண்ணே!"

"அப்ப நீ யாரு?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? நான் நான்தான் என்பதற்கு அந்த இருட்டில் என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை.

"என் மச்சினனுக்குப் போன் போடுங்கண்ணே. நம்பர் சொல்றேன்."

போட்டார். ஸ்பீக்கரில் போட்டார் போல, மச்சினன் குரல் தகட்டைத் தாண்டிக் கேட்டது.

"மாமாவா? வீட்டுல படுத்திருக்காரே. நான்தானே இறக்கி விட்டேன். ஏன்?"

"மாப்ளே! நான் இங்க இருக்கேன்டா!" என்று கத்தினேன். அதற்குள் டார்ச் அண்ணன் போனைக் கட் பண்ணிவிட்டார். அவர் பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. போகிறார். போய்விடுவார்.

"அண்ணே, போயிடாதீங்கண்ணே! பேயா இருந்தா உங்ககிட்ட ஏன் கெஞ்சப் போறேன்?"

"பேய்தான்யா கெஞ்சும். மனுஷன் திட்டுவான்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பயத்தில் அடக்கி வைத்திருந்தது வேறு முட்டியது. வெட்கத்தை விட்டுக் கத்தினேன்.

"யோவ்! மத்தியானத்துலேர்ந்து மூத்திரம் முட்டுதுய்யா! இங்கயே போயிடுவேன்! திறந்து தொலைய்யா!"

பின்னால் நகர்ந்த செருப்புச் சத்தம் நின்றது. பிறகு டார்ச் அண்ணன் மெல்லச் சொன்னார்.

"பேய்க்கு மூத்திரம் வராதுல்ல?"

"எனக்கெப்படிய்யா தெரியும்? எனக்கு வருது!"

அவர் வந்தார். கீழே கிடந்த எங்கள் ஸ்பேனரை எடுத்து நட்டைப் பிடித்தார். நான் உள்ளே திருப்பினேன். டங். கடைசியும் டங். மூடியைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தேன். அவர் டார்ச்சை என் முகத்தில் அடித்தார், பிறகு காலில் அடித்தார், பாதம் தரையில் படுகிறதா என்று. அப்புறம்தான் மூச்சு விட்டார். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். இன்னும் வெளிச்சம் இருந்தது.

அவர் போனிலிருந்து வீட்டுக்குப் போட்டேன். மனைவி எடுத்தாள்.

"நான்தான் பேசறேன்."

"நீங்களா? நீங்க உள்ள ரூம்ல தானே..." பாதியில் குரல் நின்றுவிட்டது.

"பொண்ணைத் தூக்கிக்கிட்டு வெளிய வா. எதுவும் கேக்காதே. திரும்பிப் பாக்காதே. இப்பவே."

போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

டார்ச் அண்ணனின் வண்டியில்தான் போனேன். தெருமுனையிலேயே மனைவி நின்றிருந்தாள். பொண்ணை இறுக்கிப் பிடித்திருந்தாள். மச்சினனும் வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்கதான் வெளிய வந்து சொன்னீங்க மாமா. 'தலை வலிக்குது, மூடிட்டுப் போலாம்'னு. நாலு நட்டை நீங்களும் சேர்ந்துதான் மாட்டுனீங்க. உள்ள டங்கு டங்குன்னு சத்தம் மட்டும்தான் வந்துச்சு, குரல் எதுவும் கேக்கல. கேட்டேன். 'தகடு வெயில்ல விரியுது, வா'ன்னீங்க..."



நாங்கள் மூன்று ஆண்களும் சேர்ந்து வீட்டுக்குள் போனோம். யாரும் இல்லை. படுக்கை மட்டும் கசங்கியிருந்தது.

ஆனால் வீட்டில் ஒரு தாழ்ப்பாள் மிச்சமில்லை.

வாசல் கதவு, ஜன்னல்கள், பீரோ, குளியலறை... எல்லாத் தாழ்ப்பாளும், எல்லாக் கொண்டியும் கழற்றப்பட்டுத் தரையில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பக்கத்திலேயே ஸ்குரூக்கள். குளியலறைக் கதவின் ஸ்குரூக்கள் நாலைந்து வருஷமாக ஈரத்தில் இறுகிப் போனவை. நானே எண்ணெய் அடித்து, சுட வைத்து, தோற்று விட்டுவிட்ட ஸ்குரூக்கள். அவையும் அங்கே இருந்தன. ஒன்றின் தலையிலும் கீறல் இல்லை. என் ஸ்குரூ டிரைவர் என் பெட்டியில் இருந்தது. பெட்டி மச்சினன் வீட்டில் இருந்தது.

அந்த வேலையை விட்டுவிட்டேன். வீட்டையும் மாற்றினோம். அந்த டேங்கில் யாராவது செத்துப் போனார்களா என்று பழைய ஆட்களை எல்லாம் தேடிப் பிடித்து விசாரித்தேன். யாரும் சாகவில்லை. யாரும் காணாமலும் போகவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அத்தனை பேரும் வீட்டுக்குப் போனார்கள். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வரவில்லை. அன்றைக்கு நானும்தான் 'வீட்டுக்குப் போனேன்'.

அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று மனைவி ரொம்ப நாள் வாய் திறக்கவில்லை. போன மாதம்தான் சொன்னாள். அவள் டீ கொடுத்திருக்கிறாள். அது குடிக்காமல் கையில் வைத்துக் கொண்டே இருந்திருக்கிறது. வேலை முடியறதுக்குள்ள ஏன் வந்துட்டீங்க என்று கேட்டிருக்கிறாள்.

"எனக்குப் பதிலா ஒரு ஆளை அங்க உக்கார வச்சுட்டு வந்திருக்கேன்" என்றதாம்.

என் குரல்தான் என்கிறாள். என் முகம்தான். யாரோ கூலி ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக் கொண்டு, பாவம், அந்த இருட்டில் தனியாக என்ன பண்ணுவான் என்று கேட்டாளாம்.

அதற்கு அது சிரித்ததாம்.

"முதல்ல கொஞ்ச நாள் கத்துவான். அப்புறம் பழகிடும்."